பதினோரு வீட்டுக்கும் ஒரே ஆஜர்

பழவேற்காடு ஏரியைச் சுற்றி எத்தனையோ குப்பங்கள் இருக்கின்றன. ஒரு குப்பம் முழுவதையும் ஒரே கைலிக்குள் அடக்கி வைத்திருந்த மனிதர் அவர் ஒருவர்தான். பெயர் எனக்குத் தெரியாது. எல்லோரும் 'ஆஜர்' என்பார்கள்.

ஏரிக்கு நடுவே ஒரு மணல்மேடு, அதில் பதினோரு வீடு. குடிதண்ணீர் உப்பாகிப் போனதும் ஒவ்வொரு குடும்பமாகக் கரைக்குப் போய்விட்டது. ஆஜர் மட்டும் அசையவில்லை. ஐஸ் கம்பெனிப் படகில் நான் அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் ஏதாவது ஒரு பூட்டிய வீட்டின் வாசலைப் பெருக்கிக்கொண்டிருப்பார். பேச்சுக் கொடுத்தால் போச்சு. அந்த வீட்டை யார் கட்டியது, எந்தப் புயலில் கூரை போனது, பெண்ணை எந்தக் குப்பத்துக்குக் கொடுத்தார்கள் என்று அவர் சொல்லி முடிப்பதற்குள் என் ஐஸ் பாதி தண்ணீராகியிருக்கும்.

ஏரியில் எந்த இடத்தில் எந்த ஊர் வலை போடுவது என்று முறை வைத்துப் பிரிப்பதற்குப் பாடு என்று பெயர். கரையில் நடக்கும் பாடு பிரிக்கும் கூட்டத்தில் வீட்டுப் பெயரைப் படித்தால் அந்த வீட்டு ஆள் 'கீறோம்' என்று குரல் கொடுக்க வேண்டும். பதினோரு வீட்டுக்கும் இவரேதான். அதையும் ஒரே இடத்தில் உட்கார்ந்து செய்ய மாட்டார். வீட்டுக்கு ஓர் இடம் என்று நகர்ந்து நகர்ந்து உட்காருவார். முதல் வீட்டுக்கு வேப்பமரத்தடியில் தொடங்கினால் கடைசி வீட்டுக்கு டீக்கடை வாசலில் இருப்பார். கூட்டம் விழுந்து விழுந்து சிரிக்கும், ஐஸ் இறக்க வந்து ஓரமாக நிற்கும் நானும்தான்.

இரண்டு வருடத்துக்கு முன்னால் அந்தச் சிரிப்பு நின்றது. கரையில் புதிதாகப் பதவிக்கு வந்த ஊர்த்தலைவர், ஆளில்லாத குப்பத்துக்கு முறை எதற்கு, பெயரை எடுத்துவிடலாம் என்றார். முறை போனால் ஊரும் போன மாதிரிதான்.

"ஒரே ஆளு கீற எடத்த ஊருன்னு எப்டி சொல்றது?" என்று கேட்டார் தலைவர்.

ஆஜர் கோபப்படவில்லை. முதல் வீட்டிலிருந்து ஆரம்பித்தார். முதல் படகு ஒதுங்கியது, முதல் கிணறு வெட்டியது, பிறந்தது, செத்தது, கட்டிக்கொடுத்தது எல்லாம் வரிசையாக வந்தன. கேட்டுக்கொண்டிருந்தவர்கள் ஒவ்வொருவராக நிமிர்ந்தார்கள். ஒருவருக்கு அத்தை பிறந்த வீடு, இன்னொருவருக்கு மாமன் வளர்ந்த வீடு. ஒரு மணி நேரம் ஒருவர்கூட பீடி பற்றவைக்கவில்லை. எட்டாவது வீட்டுக்கு வந்ததும் தலைவரைப் பார்த்தார்.

"அது உங்கம்மா பொறந்த வூடு நைனா. நேத்துகூட வாசல் பெருக்கினேன்."

தலைவர் வீட்டுப் பெயர்களைப் படிக்கச் சொன்னார். ஏழு வீடு வரைக்கும் ஆஜர் வழக்கம்போல நகர்ந்து நகர்ந்து குரல் கொடுத்தார். எட்டாவது பெயருக்கு வாயைத் திறக்கவில்லை.

"கீறோம்," என்றார் தலைவர்.

ஊர் பிழைத்தது. இப்போது கூட்டத்தில் வீட்டுக்கு ஓர் ஆள் எங்கிருந்தோ வந்து குரல் கொடுக்கிறார். ஆஜருக்கு மிச்சம் அவருடைய வீடு ஒன்றுதான். அந்த ஒரு குரலைக் கேட்கத்தான் நான் ஐஸை உருகவிட்டுப் போய் நிற்கிறேன்.