விக்கிரவாண்டி டோல்கேட்டில் ஒலிபரப்பான என் ஆபரேஷன்

கணக்கு டீச்சருக்குப் பொய் சொல்ல வராது என்று பலர் நம்புகிறார்கள். நன்றாகவே வரும். எந்தப் பொய்யை யாரிடம் சொன்னோம் என்பதுதான் மறந்துபோகும். எனக்கு எந்தத் தோள்பட்டை என்பதே மறந்துபோனது.

வீடு விழுப்புரம், வேலை திண்டிவனத்தில் ஒரு பள்ளிக்கூடம். நாற்பத்து நான்கு வயதில் சர்க்கரை எட்டிப் பார்த்ததும் பயந்துபோய் ஒரே வருடத்தில் இருபத்திரண்டு கிலோ குறைத்தேன். ஸ்டாஃப் ரூமே பாராட்டியது. ஆனால் உடம்பு எல்லா இடத்திலும் அழகாக இளைப்பதில்லை. இரண்டு பிள்ளைகளுக்குப் பால் கொடுத்த மார்பு, உள்ளே இருந்த கொழுப்பும் கரைந்த பிறகு, காற்றுப் போன பலூன் மாதிரி தொங்கியது. கோடையில் அதன் அடியில் வேர்த்து வேர்த்துப் புண். அதைவிட, கண்ணாடி முன் நின்றால் கழுத்துக்குக் கீழே பார்க்காமல் தலை சீவப் பழகியிருந்தேன். (அதற்குத் தனித் திறமை வேண்டும்.)

புதுச்சேரியில் ஒரு லேடி டாக்டரைப் பார்த்தேன். அவர் பேனாவால் தாளில் வரைந்தே காட்டினார்.

"இது பெருசாக்குற ஆபரேஷன் இல்லம்மா. தொங்குற தோலை எடுத்துட்டு, மேல தூக்கி வச்சுத் தைக்கிறது. தழும்பு இருக்கும். ஒரு வருஷத்துல மங்கும், முழுசா மறையாது. கொஞ்ச நாள் மரத்துப்போன மாதிரி இருக்கும். வீக்கம் வடிஞ்சு சரியான வடிவத்துக்கு வர மூணு நாலு மாசம் ஆகும். ஆறு வாரத்துக்குக் கனம் தூக்கக் கூடாது, கையைத் தலைக்கு மேல தூக்கக் கூடாது."

கடைசி வாக்கியத்தில்தான் என் குறுக்குப் புத்தி விழித்தது. கையைத் தூக்கக் கூடாதா? அப்படியென்றால் தோள்பட்டை ஆபரேஷன் என்று சொல்லிவிடலாமே! இருபது வருடம் போர்டில் எழுதிய கை. யார் சந்தேகப்படப் போகிறார்கள்?

என் கணவர் குமாருக்கு மட்டும் உண்மை தெரியும். ஹார்டுவேர் கடைக்காரர். "உனக்கு வேணும்னா பண்ணிக்கோ. எனக்காகன்னா வேணாம்" என்றார். அந்த ஒரு வாக்கியத்துக்காக அவருடைய பழைய குற்றங்களில் பாதியை மன்னித்தேன். கோடை விடுமுறை தொடங்கிய வாரமே ஆபரேஷன் முடிந்தது.

முதல் மூன்று நாள் நெஞ்சின் மேல் யாரோ அம்மிக்கல்லை வைத்துவிட்டு மறந்துபோனது போல இருந்தது. இரவும் பகலும் இறுக்கமான ஒரு சப்போர்ட் பிரா. முதுகுக்கு மூன்று தலையணை வைத்து, மல்லாந்தே தூக்கம். இருமினால் உயிர் போகும். சிரித்தால் இன்னும் மோசம். தலைக்குக் கை போகாததால் பின்னல் போடும் வேலை குமாருக்கு வந்தது. நைலான் கயிறு திரித்துப் பழகிய கை. என் பின்னலைக் கொண்டு ஒரு மாட்டைக் கட்டியிருக்கலாம்.

ஆனால் ஐந்தாம் நாள் கட்டைப் பிரித்தபோது குனிந்து பார்த்தேன். ஊதாவும் மஞ்சளுமாகக் கன்றிப்போய், வீங்கி, தையலோடு, கிட்டத்தட்ட கழுத்துக்குக் கீழேயே ஏறி உட்கார்ந்திருந்தன இரண்டும். "போகப் போகக் கொஞ்சம் இறங்கும்" என்றார் டாக்டர். எனக்கு அழுகை வந்தது, சந்தோஷத்தில். இறங்காவிட்டாலும் பரவாயில்லை என்று சொல்ல நினைத்தேன்.

வீட்டில்தான் சிக்கல். நம்பும்படி இருக்கட்டுமே என்று கழுத்தில் தூளி மாட்டிக் கையைத் தொங்கவிட்டிருந்தேன். கூடவே இருக்கும் என் மாமியார் பேசுவது குறைவு, பார்ப்பது அதிகம். ஒருநாள் காலையில் தைலத்தோடு வந்து நின்றார்.

"எம்மா ரேவதி, நேத்து அந்தக் கை இல்ல தொங்கினு இருந்துச்சு?"

குனிந்து பார்த்தேன். கையை மாற்றி மாட்டியிருந்தேன்.

"இன்னிக்கு இதுவும் வலிக்குது அத்தே."

அவர் இரண்டு தோளுக்கும் தைலம் தேய்த்துவிட்டார். ஒரு வாரம் எங்கள் வீடே யூகலிப்டஸ் தோப்பு மாதிரி மணந்தது.

பதின்மூன்றாம் நாள் திண்டிவனத்தில் கணவரின் சித்தப்பா மகளுக்கு வளைகாப்பு. வண்டி ஓட்டாமல் பத்திரமாக உட்கார்ந்து போகலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். பக்கத்து ஊர் கெடாரிலிருந்து நாத்தனார் வசந்தியும் வந்துவிட்டாள். அவள் முன் சீட்டில், நானும் மாமியாரும் பின்னால். சீட் பெல்ட் அழுத்தாமல் இருக்க அதற்கும் என் நெஞ்சுக்கும் நடுவே ஒரு குட்டித் தலையணை. ("தோளுக்கு எதுக்கு அண்ணி நெஞ்சுல தலைவாணி?" என்றாள் வசந்தி. "நரம்பு அங்கதான் போகுது" என்றேன்.) குமார் பாட்டுக் கேட்பதற்காக என் போனைக் காரின் ஸ்பீக்கரோடு இணைத்திருந்தார்.

விக்கிரவாண்டி டோல்கேட்டில் வண்டி நின்றது. எங்கள் பாஸ்டேக் ஸ்டிக்கர் பாதி உரிந்திருந்ததால் ஸ்கேன் ஆகவில்லை. குமார் எல்லாக் கண்ணாடிகளையும் இறக்கிவிட்டு, தலையை வெளியே நீட்டி, கையில் மிஷினோடு நின்ற பெண்ணிடம் விளக்கிக்கொண்டிருந்தார். பின்னால் நான்கு லாரிகள் ஹாரன் அடித்தன. அப்போது பாட்டு நின்று ரிங் அடித்தது.

"அண்ணி, உங்களுக்குப் போனு" என்று வசந்தி உதவியாகக் காரின் திரையைத் தொட்டாள்.

"ரேவதி மேடமா? ஆஸ்பத்திரியிலேர்ந்து நர்ஸ் பேசறேன். மார்பு தூக்கற ஆபரேஷன் முடிஞ்சு பதிமூணு நாள் ஆச்சு இல்ல, எப்படி இருக்கீங்க?"

காரின் நான்கு மூலையிலிருந்தும் கேட்டது. என் வாழ்க்கையிலேயே அவ்வளவு தெளிவான ஸ்பீக்கரை நான் கேட்டதில்லை.

"வசந்தி, கட் பண்ணு!"

அவள் பதறி எதையோ அழுத்தினாள். சத்தம் கூடியது.

"தையல் காஞ்சிருக்கா மேடம்? ரெண்டும் ஒரே மட்டத்துல இருக்கா? இடது பக்கம் கொஞ்சம் மேல தெரிஞ்சா பயப்படாதீங்க, வீக்கம் வடிஞ்சா சரியாயிடும். பிராவை ராத்திரியும் கழட்டாதீங்க!"

எட்டி அணைக்கலாம் என்றால் கை நீளாது. நீட்டக் கூடாது என்றும் அதே நர்ஸ்தான் சொல்லியிருந்தார். வசந்தியின் விரல் சரியான பட்டனுக்குப் போய், அழுத்தாமல் அங்கேயே நின்றுவிட்டது. அவள் கேட்டுக்கொண்டிருந்தாள். டோல்கேட் பெண்ணும் மிஷினைக் கீழே இறக்கிவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"மேடம், லைன்ல இருக்கீங்களா? காய்ச்சல், சீழ், திடீர் வீக்கம் ஏதாச்சும்?"

இதற்கு மேல் எதை மறைக்க? "எதுவும் இல்ல சிஸ்டர். ரெண்டும் சூப்பரா இருக்கு" என்றேன்.

டோல்கேட் பெண் சிரித்துவிட்டு ஸ்கேன் செய்தாள். இந்த முறை உடனே ஆகிவிட்டது. "உடம்பைப் பாத்துக்குங்கக்கா" என்று என்னிடம் சொல்லிக் கேட்டைத் திறந்தாள்.

வண்டி நகர்ந்தது. குமார் கண்ணாடியில் என்னைப் பார்த்தார், சாலையைப் பார்த்தார், மறுபடி என்னைப் பார்த்தார். நாற்பத்தைந்து வயதில் உனக்கு இது தேவையா என்ற கேள்விக்காகக் காத்திருந்தேன். பதிலைக்கூட மனதுக்குள் தயார் செய்தேன்.

மாமியார் என் பக்கம் திரும்பினார். "அப்போ தோளுக்கு ஒண்ணும் இல்லியா?"

"இல்ல அத்தே."

"நான் தேய்ச்ச தைலமெல்லாம்?"

"தோளுக்கு நல்லா இருந்துச்சு அத்தே."

வசந்தியால் அடக்க முடியவில்லை. கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். எனக்கும் வந்தது, தலையணையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, வலியில் முனகிக்கொண்டே சிரித்தேன். மாமியார் மட்டும் சிரிக்கவில்லை. முந்தானையை விரலில் சுற்றிக்கொண்டே கேட்டார்.

"ரொம்ப வலிச்சுதா? டாக்டரு பொம்பளதானே? திட்டுனாங்களா, இத்தினி நாளு இன்னா பண்ணிக்கினு இருந்தேன்னு?"

"இல்ல அத்தே. யாரும் திட்டல. ஏன்?"

"எனக்கு மூணு வருஷமா கர்ப்பப்பை எறங்கிக்கினு வருது. துணிய வச்சு அழுத்திக்கினு இருக்கேன். புள்ளைங்களாண்ட எப்டி சொல்றது?"

சிரிப்பு நின்றது. மூன்று வருடமாக அவர் பஸ் ஏறாததையும், கல்யாண வீட்டில் உட்காராமல் சுவரில் சாய்ந்தே நின்றதையும் நாங்கள் வீம்பு என்று நினைத்திருந்தோம். குமார் வண்டியை ஓரங்கட்டிவிட்டார். "எம்மா..." என்றார். வசந்தி முன் சீட்டிலிருந்து திரும்பி அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். நான் என் டாக்டருக்கு அங்கேயே போன் செய்து, பெண்கள் டாக்டர் ஒருவரிடம் மாமியாருக்கு நாள் வாங்கினேன். அதே ஸ்பீக்கரில்தான்.

வளைகாப்புக்கு நாங்கள் போய்ச் சேர்ந்தபோது பந்தியே தொடங்கிவிட்டது. "தோள்பட்டை எப்படி இருக்கு?" என்று ஓர் உறவுக்காரர் கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் மாமியார் முந்திக்கொண்டார். "அவளுக்குத் தோளெல்லாம் இல்ல. மாருல ஆபரேஷன். நல்லா ஆயிட்டா. எனக்கும் பண்ணப் போறாங்க." கேட்டவர் பாயசம் எங்கே என்று தேடிப் போய்விட்டார். வளையல் போட என்னால் எட்டிக் கையை நீட்ட முடியாததால், நிறைமாதப் பெண் தானே முன்னால் குனிந்து கையை நீட்டினாள்.

இரண்டு மாதத்தில் மாமியாருக்கும் ஆபரேஷன் முடிந்தது. இப்போது வசந்தியைப் பார்க்கக் கெடாருக்குத் தனியாகவே பஸ்ஸில் போய் வருகிறார், ஜன்னலோர சீட்டுக்குச் சண்டை போட்டு. நானோ கண்ணாடியில் முழுதாகப் பார்த்துக்கொள்கிறேன், தழும்பு உட்பட. ஸ்டாஃப் ரூமில் கதவைச் சாத்திக்கொண்டு என்னிடம் சந்தேகம் கேட்டவர்கள் இதுவரை ஐந்து பேர்.

குமார் எந்த விசேஷத்துக்குப் போனாலும், வயிற்றைத் தடவிக்கொண்டு ஒரே ஜோக்கைத்தான் சொல்கிறார்: "எங்க வூட்ல மாமியாரும் மருமவளும் ஜல்தியா தூக்கிக் கட்டிக்கினாங்க. நான் மட்டும்தான் இன்னும் எறங்கிக்கினே இருக்கேன்."

மாமியார் ஒவ்வொரு முறையும் பதில் சொல்கிறார்: "உனக்குத் தையல் வாயில போடணும்டா."