தண்ணீர் வராது என்று நான் அனுப்பிய மெயில்

அபார்ட்மெண்டில் குடியிருப்பவன் தனக்குக் கம்ப்யூட்டர் தெரியும் என்பதை வெளியே சொல்லக் கூடாது. அதைவிட முக்கியம், அவனுடைய அம்மா சொல்லக் கூடாது.

என் அம்மா சொன்னாள். எங்கள் கீழ்க்கட்டளை அபார்ட்மெண்டின் செகரட்டரி எஸ்தர் மேடம், ரிட்டையர்ட் ஹெட்மிஸ்ட்ரஸ். தண்ணீர்ச் சண்டையில் வாட்ஸ்அப் குரூப்பே இரண்டாக உடைந்துவிட்டதால், இனி அறிவிப்பு எல்லாம் மெயிலில்தான் என்று சட்டம் போட்டிருந்தார். "எங்க பிரபு நாவலூர்ல பெரிய பெரிய சர்வரையே பார்த்துக்கறான். இதெல்லாம் அவனுக்கு ஜுஜுபி" என்று அம்மா என்னை எழுதிக் கொடுத்துவிட்டாள்.

நானும் காலரைத் தூக்கிக்கொண்டு ஒரு ஷெல் ஸ்கிரிப்ட் எழுதினேன். பயப்பட வேண்டாம், கட்டளைகளை வரிசையாக எழுதி வைத்த ஒரு சின்ன ஃபைல், அவ்வளவுதான். எந்த பிளாக்குக்கு எப்போது தண்ணீர் என்பதைத் தினமும் காலையில் அதுவே எல்லாருக்கும் மெயில் அனுப்பிவிடும். எழுதும்போது என் திரையில் ஒவ்வொரு பிளாக்கும் ஒவ்வொரு வரியில் அழகாகத் தெரிந்தது. (அழகாகத் தெரிவது எதையும் நான் அதற்குமேல் நோண்டுவதில்லை.)

முதல் மெயில் வெள்ளிக்கிழமை போனது. நான் ஆபீஸில் இருக்கும்போது எஸ்தர் மேடத்தின் போன்.

"பிரபு, என்னப்பா இது? எல்லாம் ஒரே வரியா ஓடுது. எங்க மூச்சு விடறதுன்னே தெரியல."

"உங்க மெயில் ஆப்ல ஏதோ ப்ராப்ளம் மேடம்" என்றேன். எங்கள் தொழிலில் முதல் பதில் இதுதான்.

பிறகு பார்த்தேன். வரிகள் முடிந்த இடத்தில் எல்லாம் வெறும் இடைவெளிதான் இருந்தது. அப்போது எனக்குள் ஒரு பல்பு எரிந்தது. வரி முறிவுகள் இடைவெளியாக மாறிவிட்டன, சரி. அந்த இடைவெளிகளை எல்லாம் மறுபடியும் வரி முறிவாக மாற்றிவிட்டால்? ஒரே ஒரு கட்டளை சேர்த்தேன். வார்த்தைக்கும் வார்த்தைக்கும் நடுவில்கூட இடைவெளி உண்டு என்பது ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்குத் தெரியும். எனக்கு அன்று தெரியவில்லை. ஓட்டிப் பார்க்கவும் இல்லை, ஏனென்றால் மனசெல்லாம் மறுநாள் மேல் இருந்தது.

மறுநாள் சனிக்கிழமை, கிழக்குத் தாம்பரத்திலிருந்து ஹேமா வீட்டார் எங்கள் வீட்டைப் பார்க்க வருகிறார்கள். நாங்கள் போய்ப் பெண் பார்த்தாகிவிட்டது. எனக்கு ஹேமாவை அவ்வளவு பிடித்திருந்தது. அதற்கு முன் வந்த இடங்களில் "யோசிச்சுச் சொல்றோம்" என்று போனவர்கள் இன்றுவரை யோசித்துக்கொண்டிருக்கிறார்கள். இதுவும் நழுவிவிடுமோ என்று எனக்கு உதறல்.

சனிக்கிழமை மெயிலின் விஷயம் ரொம்பச் சாதாரணம். பி பிளாக்கில் டேங்க் கழுவுகிறார்கள், அங்கே மட்டும் ஒரு மணி நேரம் தண்ணீர் வராது. போய்ச் சேர்ந்ததோ வரிக்கு ஒரு வார்த்தையாக, மெயில் முழுக்கச் செங்குத்தாக.

மெயில் பார்க்காதவர்களுக்காக ஒவ்வொரு மெயிலையும் கொட்டை எழுத்தில் பிரிண்ட் எடுத்து ஒட்டுவது எஸ்தர் மேடத்தின் வழக்கம். அன்று பிரிண்டர் காகிதத்தைத் துப்பிக்கொண்டே இருந்திருக்கிறது. வந்ததை வந்தபடி ஒட்டுவதுதான் கடமை என்று வாசலில் ஆரம்பித்து மாடிப்படி நெடுக ஒட்டிக்கொண்டே போயிருக்கிறார். எங்கள் ஏ பிளாக் லிஃப்டுக்கு வாய்த்த தாளில் இருந்தவை இரண்டே வார்த்தைகள். மேலே "தண்ணீர்." கீழே "வராது."

லிஃப்டில் ஏறி இறங்கியவர்கள் அத்தனை பேரும் வீட்டுக்கு ஓடிக் குழாயைத் திறந்திருக்கிறார்கள். பக்கெட், அண்டா, பிரஷர் குக்கர் வரை ரொப்பியிருக்கிறார்கள். நாங்கள் மட்டும் கேசரி கிளறிக்கொண்டிருந்தோம்.

ஹேமா வீட்டார் வந்தார்கள், ஹேமாவும் கூடவே. கேசரி, பஜ்ஜி, காபி எல்லாம் ஆனது. "வீடு நல்லா காத்தோட்டமா இருக்கு" என்றார் ஹேமாவின் அப்பா. அம்மா என்னை வெற்றியோடு பார்த்தாள். அவர் எழுந்து பாத்ரூமுக்குப் போனார்.

கொஞ்ச நேரம் கழித்து உள்ளேயிருந்து சன்னமாக ஒரு குரல்.

"தம்பி... குழாய்ல தண்ணி வரலையே."

பக்கெட்டில் பிடித்து வைத்த தண்ணீர் இருக்குமே என்பீர்கள். பழைய பக்கெட் பெண் வீட்டார் கண்ணில் படக் கூடாது என்று எல்லாவற்றையும் பால்கனி மூலையில் கவிழ்த்து, மேலே ஒரு போர்வையும் போட்டு மூடியிருந்தாள் அம்மா. (பூந்தொட்டியாம், கேட்டால்!)

அந்த நேரம் பார்த்து வாட்ச்மேன் ஏழுமலை அண்ணன் சுவரிலிருந்து பிய்த்த தாள்கள் கை நிறைய, வாசலில் நின்றார். "இன்னா சார், உன் மெயிலால ஒரே பேஜாரா கீது. எல்லா வூட்லயும் ரொப்பிக்கினு, டேங்க்கே காலி. லாரி கோவிலம்பாக்கத்துலேர்ந்து மத்தியானம்தான் வருமாம்."

'உன் மெயில்' என்றதும் கூடமே என் பக்கம் திரும்பியது. நான் கிச்சனுக்கு ஓடினேன். காசு கொடுத்து வாங்கிய குடிதண்ணீர் கேனைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு, புது மாப்பிள்ளைச் சட்டையெல்லாம் நனைய, பாத்ரூம் கதவைத் தட்டினேன். கதவு ஒரு சாண் திறந்தது. ஒரு கை வந்தது. கேன் உள்ளே போனது. எனக்கு அழுகை வராத குறை.

திரும்பி வந்தால், ஹேமா அந்தத் தாள்களை வாங்கிப் புரட்டிக்கொண்டிருந்தாள். அவள் பெருங்குடியில் சாஃப்ட்வேர் டெஸ்டர்.

"லேப்டாப் எடுத்துட்டு வாங்க" என்றாள். கொண்டுவந்தேன். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை, கண்டுபிடித்துவிட்டாள்.

"மெயில் வாசகத்த வெளிய அனுப்பற எக்கோ கட்டளையில, வேரியபிளுக்கு டபுள் கோட்ஸ் போடலையே நீங்க? அது இல்லன்னா ஷெல் வரியெல்லாம் ஒண்ணாக்கிடும். அத விட்டுட்டு, கீழ இது என்ன கட்டளை?"

"அது... சரிபண்ணேன்."

"டெஸ்ட் பண்ணீங்களா?"

அவள் என் கட்டளையை அழித்தாள். முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று, கோட்ஸ் என்று அவள் சொன்ன இரட்டை மேற்கோள் குறியைப் போட்டாள். தன் மெயிலுக்கு அனுப்பிப் பார்த்தாள். வரிகள் எல்லாம் ஒழுங்காக வந்து நின்றன.

அவள் அப்பா வெளியே வந்து, யார் முகத்தையும் பார்க்காமல் செருப்பை மாட்டிக்கொண்டார். "யோசிச்சுச் சொல்றோம்." அம்மா சோபாவில் சாய்ந்துவிட்டாள்.

சாயங்காலம் ஹேமாவே போன் செய்தாள். "அப்பா சரின்னுட்டார். அவசரத்துக்குக் கேனைத் தூக்கிட்டு ஓடி வர்ற பையன் கிடைக்க மாட்டானாம்." அதோடு விடவில்லை. "எனக்கும் வேற வழியில்ல. உங்கள இப்படியே விட்டா ஊருக்கு ஆபத்து."

கல்யாணத்துக்கு எஸ்தர் மேடம் ஒரு பெரிய பிளாஸ்டிக் பக்கெட்டைப் பரிசாகக் கொடுத்தார், ஜிகினாத் தாள் சுற்றி. மாமனார் இப்போதும் எங்கள் வீட்டுக்கு வந்தால், பாத்ரூம் வாசலில் நின்று, துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, என்னிடம் கேட்காமல் மகளிடம் கேட்கிறார்:

"ஏம்மா, கோட்ஸ் போட்டாச்சா?"

அது ஏதோ மோட்டார் சுவிட்ச் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார். "போட்டாச்சுப்பா" என்று ஹேமா சொன்ன பிறகுதான் உள்ளே போகிறார்.