நூற்றுப் பதினோராம் பக்கம் எந்த ஜில்லா?

ஒரு ஜில்லாவை ரெண்டாகப் பிரித்தால், அதில் இருக்கிற எல்லாவற்றையும் ரெண்டாகப் பிரித்தாக வேண்டும். இதில் யாருக்கும் மறுப்பு இருக்க முடியாது. எங்கள் சித்தூர் ஜில்லாவிலிருந்து திருப்பதி தனி ஜில்லாவாகப் போனபோது ஜீப், நாற்காலி, மேசை எல்லாம் பங்கு போட்டு முடிந்து, கடைசியில் தமிழ்ப் புத்தகங்கள் மிஞ்சின. அதற்கென்றே நூல் பங்கீட்டு அலுவலகம் என்று ஒன்றைத் திறந்து, ரெண்டு பக்கமும் அதிகாரிகளைப் போட்டு, உனக்கொன்று எனக்கொன்று என்று பிரித்துக்கொண்டே போனால், ஒரே ஒரு புத்தகம் மிச்சம்.

ஒற்றைப்படை. அதிகாரிகளுக்கு வேர்த்துவிட்டது.

அது ஒரு பழைய விஞ்ஞானக் கதைத் தொகுப்பு. அட்டை போய்விட்டதால் பேர் தெரியாது. சீட்டுக் குலுக்கி யாராவது ஒருத்தர் எடுத்துக்கொண்டிருக்கலாம். ஆனால் இன்னொரு ஜில்லாவுக்கு அநீதி ஆகிவிடுமே? ஆகவே சாட்சிகள் முன்னிலையில், பஞ்சநாமா எழுதி, பிரஸ்ஸிலிருந்து கட்டிங் மெஷினை வரவழைத்து, புத்தகத்தைச் சரிபாதியாக வெட்டினார்கள். முன்பாதி சித்தூருக்கு. பின்பாதி திருப்பதிக்கு. கைதட்டல், போட்டோ, டீ.

எங்கள் ஊர் நகரி. சித்தூர் பங்கு. அதனால் எங்களுக்கு முன்பாதி கிடைத்தது.

நான் தரணி. இன்டர், அதாவது ப்ளஸ் டூ, மேத்ஸில் போய்விட்டது. சப்ளி எழுது, போன பரீட்சையைத் திரும்ப எழுது என்று நைனா சொன்னார். எழுத முடியாது என்று சொல்லிவிட்டேன். இதில் மறைக்க ஒன்றும் இல்லை. வீட்டில் பவர்லூம் சத்தம், வெளியே வெயில், நூலகத்தில் ஃபேன். அதனால் நூலகத்துக்குப் போனேன். ஃபேனுக்காகப் போனவள் அந்த அரைப் புத்தகத்தில் மாட்டிக்கொண்டேன்.

என்ன கதைகள்! பொய்யே பேசத் தெரியாத டெலிபோன் ஒன்று ஒரு ஊரில் எல்லாக் கல்யாணத்தையும் நிறுத்திவிடும். நேற்றைக்குப் போகிற வண்டியில் ஏறிப் போகிறவன், நேற்றும் அதே ரேஷன் கியூவில் கடைசியில் நிற்பான். ஆடு மேய்க்க அனுப்பின ரோபோ, ஆடுகளோடு பேசி ஒத்துக்கொண்டு எல்லாருமாக ஓடிப்போய்விடும். இவைகூடப் பரவாயில்லை. கடைசியாக இருந்தது ஏரியில் இறங்கிய கப்பலின் கதை. வறண்ட ஏரியில் வேற்றுக் கிரகத்துக் கப்பல் வந்து இறங்குகிறது. கதவு திறக்கவே இல்லை. ஊரே ஏரிக்கரையில் சோறாக்கித் துன்னுகினு காத்துக் கிடக்கிறது. ஒருநாள் கதவு திறக்கிறது. ஒருத்தன் வெளியே வருகிறான். எல்லாரையும் பார்க்கிறான். கையைத் தூக்குகிறான். வாயைத் திறந்து—

நூற்றுப் பத்தாம் பக்கம் முடிந்தது. அடுத்து கட்டிங் மெஷின்.

நைனாவுக்கு அந்தக் கதையைத் தறிச் சத்தத்துக்கு மேல் கத்திக் கத்திச் சொன்னேன். கரண்ட் போனால் ஒழியத் தறியை நிறுத்தாத மனுஷன், நிறுத்திவிட்டார்.

"அப்பறம்? இன்னா சொன்னான்?"

"தெரியாது நைனா. பக்கம் இல்ல."

"அவன் வழி தப்பி வந்துகீறான். வழிதான் கேட்டிருப்பான்."

"அவ்ளோ தூரத்துலருந்து வழி கேக்கவா வருவான்? நம்மள கூட்டினு போக வந்துகீறான்."

"பந்தயம் கட்றியா? அவன் வழி கேட்டிருந்தா நீ சப்ளி எழுதணும்."

"கூட்டினு போக வந்திருந்தா நீ காலேஜ்ங்கற பேச்சையே எடுக்கக் கூடாது."

கை அடித்துக்கொண்டோம். என் எதிர்காலம் ஒரு வேற்றுக் கிரகத்தான் வாயில் மாட்டிக்கொண்டது இப்படித்தான்.

நூல் பங்கீட்டு அலுவலகத்தில் எங்கள் சித்தூர்ப் பக்கத்து அதிகாரி பேர் வேங்கடாசலம். நல்ல மனுஷர். பதில் தெரியாத கேள்வி வந்தால் மூக்குக்கண்ணாடியைக் கழற்றுவார். முதல் நாள் என் கேள்வியைக் கேட்காமலே 'ரேபு ரா', அதாவது நாளைக்கு வா, என்று அனுப்பிவிட்டார்; மறுநாளும் போனேன்.

"சார், நூத்திப் பத்தோட நின்னுபோச்சி. மிச்சம்?"

"மிச்சம் திருப்பதி ஜில்லாம்மா. நூத்திப் பதிமூணுலருந்து."

"பதினொண்ணும் பன்னெண்டும்?"

கண்ணாடியைக் கழற்றினார். "அது விவாதத்துக்குரிய தாள்."

விளக்கினார். மொத்தம் இருநூற்று இருபத்திரண்டு பக்கம். அதில் பாதி நூற்றுப் பதினொன்று. ஆக, நூற்றுப் பதினோராம் பக்கம் சித்தூரின் கடைசிப் பக்கம். நூற்றுப் பன்னிரண்டாம் பக்கம் திருப்பதியின் முதல் பக்கம். வந்த வினை என்னவென்றால், ரெண்டும் ஒரே தாளின் முன்னும் பின்னும்.

"தாளை ரெண்டாப் பொளக்க முடியுமான்னு பாத்தோம்மா. அப்பளம் போடறவங்களைக்கூட கூப்ட்டுக் கேட்டோம். கையை விரிச்சிட்டாங்க."

"ஜெராக்ஸ் எடுத்துக் குடுத்துடுங்க சார்."

"எப்படிம்மா? நாங்க முன்பக்கம் எடுக்கலாம். ஆனா பின்பக்கத்துக்குத் தாளைத் திருப்பணும். திருப்பினா அடுத்த ஜில்லாவுக்குள்ள நுழைஞ்ச மாதிரி."

"முன்பக்கம் மட்டுமாவது?"

"தனியா முன்பக்கத்தை எடுத்தா பின்பக்கத்தை அவமதிச்ச மாதிரி. தாள் இப்ப மேலிடத்து பீரோவுல பத்திரமா இருக்கு. ரேபு ரா அம்மா."

"'ரேபு'ன்னு நேத்தும் சொன்னீங்க சார். இன்னைக்கிதான் அந்த ரேபு."

கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்துவிட்டார்.

சரி, பின்பாதியையாவது பார்ப்போம் என்று பஸ் பிடித்து ரேணிகுண்டா போய், அங்கிருந்து இன்னொரு பஸ், அப்புறம் ஷேர் ஆட்டோவில் நசுங்கி, திருச்சானூரில் இருந்த திருப்பதிப் பக்கத்து அலுவலகத்துக்குப் போனேன். வாசலில் 'எதிர்கால வாசிப்பு அனுபவ மையம்' என்று பளபள போர்டு. உள்ளே அட்டையில் செய்த ராக்கெட். அதன் ஜன்னலில் முகத்தை வைத்து போட்டோ எடுத்துக்கொள்ளலாம். புத்தகங்கள் ராக்கெட்டுக்குப் பின்னால் கோணி மூட்டையில் இருந்தன. வருகிறவர்கள் கண்ணில் படாமல் இருக்க அந்த ஏற்பாடாம்.

அதிகாரி இந்திராணி மேடம் என் ஆதாரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"நீங்க சித்தூர். முடிவு திருப்பதிவாசிகளுக்கு மட்டும்."

"முடிவு மட்டும் வச்சிகினு அவங்க இன்னா பண்ணுவாங்க மேடம்?"

"அது அவங்க உரிமை. உங்களுக்கு ஆரம்பம் ஒதுக்கியிருக்கு. படிச்சிட்டீங்களா?"

"படிச்சிட்டேன்."

"அப்ப உங்க ஒதுக்கீடு முடிஞ்சது. கவலைப்படாதீங்க, இப்ப எல்லாத்துக்கும் ஏஐ வந்தாச்சு. எங்க 'கதைத் தோழி'யக் கேளுங்க."

மேசையில் ஒரு டேப்லெட். கேட்டேன். அது தேன் மாதிரிக் குரலில் சொன்னது: "வேற்றுக் கிரகவாசி, 'பிளாஸ்டிக்கைத் தவிர்ப்போம்' என்று கூறினார். இந்தப் பதில் உங்களுக்குப் பயனுள்ளதாக இருந்ததா?"

"நீ அந்தக் கதையைப் படிச்சியா?"

"படிக்கவில்லை. ஆனால் உங்கள் உணர்வை நான் புரிந்துகொள்கிறேன்."

இந்திராணி மேடம் பூரித்துப்போனார். "படிக்கலைன்னு எவ்ளோ பணிவா ஒத்துக்குது பாருங்க! மனுஷங்க ஒத்துக்குவாங்களா?"

அப்போதுதான் வராந்தா பெஞ்சிலிருந்து ஒரு குரல். "ஏண்டிம்மா, நீ முன்பாதிக்காரியா?"

அலர்மேல் மாமி. திருச்சானூரிலேயே குடியிருக்கிறவர். வீட்டுக்காரருக்குக் கோயிலில் கைங்கர்யம். மடியில் அந்தப் பின்பாதி. அபூர்வமான பிராணியைப் பார்க்கிற மாதிரி என்னைப் பார்த்தார்.

"நோக்கு நூத்திப் பதிமூணு எப்படி ஆரம்பிக்கறது தெரியுமோ? 'என்று அவன் சொல்லி முடித்ததும் ஊரே விழுந்து விழுந்து சிரித்தது.' யாருடி அவன்? மண்டையே வெடிச்சுடும்போல இருக்கு."

"கப்பல்ல வந்தவன் மாமி. வேற கிரகம்."

"கிரகமா! நான் யாரோ மாப்பிள்ளைன்னு நெனச்சுண்டிருந்தேன்."

"சிரிச்சாங்க, அப்பறம்?"

"அப்புறம் ஒருத்தர் மொகத்தை ஒருத்தர் பாத்துண்டா. பாத்துட்டு, ஒருத்தர் பாக்கியில்லாம அழுதா. அவ்ளோதான், அடுத்த கதை வந்துடறது."

நைனாவுக்குப் போன் போட்டேன். பின்னால் தறிச் சத்தம் நின்றது.

"சிரிச்சாங்களா? வழி கேட்டதுக்குத்தான் சிரிச்சிருப்பாங்க. நம்ம ஊர்ல அப்படித்தான்."

"அழுதாங்களே நைனா?"

"அந்த வழிக்கு பஸ் இல்லன்னு ஞாபகம் வந்திருக்கும்."

நான் மாமிக்கு ஆரம்பத்தைச் சொல்ல, மாமி எனக்கு முடிவைச் சொல்ல, வராந்தாவில் கூட்டம் சேர்ந்துவிட்டது. பூ விற்கிறவர், லாட்ஜ்காரர், ஷேர் ஆட்டோவிலிருந்து இறங்கினவர் எல்லாரும், "ஆமா, அவன் இன்னாதான் சொன்னான்?" என்று கேட்க ஆரம்பித்தார்கள்.

இந்திராணி மேடம் ஓடி வந்தார். "நிறுத்துங்க! சித்தூர் ஜில்லாவோட முன்பாதியை அனுமதி இல்லாம இங்க கொண்டாந்திருக்கீங்க!"

"கையில ஒண்ணும் இல்ல மேடம். வாயிலதான் கீது."

"வாய் வழியா கொண்டாறதும் கொண்டாறதுதான்!"

இதை யாரோ வீடியோ எடுத்துப் போட்டார்கள். அதோடு தொலைந்தது. ரெண்டு ஜில்லாவிலும் 'அவன் என்ன சொன்னான்?' பைத்தியம் பிடித்தது. அந்த வாசகம் போட்ட டி-ஷர்ட் வந்தது. பேக்கரியில் கப்பல் கேக் வந்தது. கையைத் தூக்கி வாயைத் திறந்தபடி போட்டோ எடுத்துக்கொள்வது ஃபேஷன் ஆனது. கல்யாண ஆல்பத்தில்கூட மாப்பிள்ளை அப்படி நின்றான். அதுவரை ஒரு கதைகூடப் படிக்காதவர்கள், விஞ்ஞானக் கதை என்றால் பழைய கதைதான் கதை என்று அடித்துப் பேசினார்கள். எங்கள் நைனா தறியிலேயே 'அவன் என்ன சொன்னான்?' என்று கரை போட்ட துண்டு ஓட ஆரம்பித்தது. நகரி முழுக்க எல்லார் தோளிலும் கேள்வி.

அரசாங்கம் சும்மா இருக்குமா? முதலில் ஓர் அறிவிப்பு வந்தது: "இதனால் சகலருக்கும் தெரிவிக்கப்படுவது யாதெனில், மேற்படி தாள் குறித்த விவாதம் தீரும்வரை, மேற்படி நபர் சொன்னதாகக் கருதப்படுவதைப் பொதுமக்கள் எவரும் யூகிக்கலாகாது." மக்கள் அதற்கப்புறம்தான் தீவிரமாக யூகித்தார்கள்.

பிறகு தீர்வு வந்தது. நகரிக்கும் புத்தூருக்கும் நடுவில், சரியாக ஜில்லா எல்லை மேல், ஒரு தகரக் கொட்டகை. நடுவில் ஒரு மேசை. அதில் பாதி சித்தூர், பாதி திருப்பதி. மேசை மேல் கண்ணாடிப் பெட்டிக்குள் தாள் நெட்டுக்குத்தாக நிற்கும். முன்பக்கம் சித்தூரைப் பார்த்து, பின்பக்கம் திருப்பதியைப் பார்த்து. பக்கத்துக்கு ஒரு தாள் காவலர். தாளைப் பார்க்கும் தகுதி அவர்களுக்கு மட்டுமே. பொதுமக்கள் கியூவில் வந்து தாளின் ஓரத்தைத் தரிசித்துக்கொள்ளலாம்.

காவலர் வேலைக்குத் தகுதி: தமிழ் படிக்கத் தெரிய வேண்டும். இன்டர் பாஸ் ஆகியிருக்க வேண்டும்.

நைனா தறியைப் பார்த்தபடி சிரித்துக்கொண்டிருந்தார்.

"சிரிக்காத நைனா. பந்தயத்துல நான் தோக்கல. தாளுக்காக எழுதறேன்."

"நான் எதனா சொன்னனா?"

சப்ளி எழுதினேன். பார்டர் மார்க்கில் தேறினேன். எல்லையில் உட்கார அது போதும். சித்தூர்ப் பக்கத்துக்கு வேறு யாரும் வரவில்லை, வேலை எனக்குக் கிடைத்தது. திருப்பதிப் பக்கத்து நாற்காலியில் யார் என்று பார்த்தால், அலர்மேல் மாமி! அந்தக் காலத்து பி.காம்.

முதல் நாள் என் பக்கத்தை நான் படித்தேன். அவன் பேச ஆரம்பிக்கிறான். நல்லாத்தான் பேசுகிறான். "நான் வந்தது எதற்கென்றால்" என்று சொல்லும்போது நூற்றுப் பதினொன்று முடிந்துவிட்டது. தலையை முட்டிக்கொள்ளலாம் போல இருந்தது. எதிரே கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மாமி வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார்.

மத்தியானம் தயிர்சாதம் சாப்பிடும்போது நான் என்னுடையதைச் சொன்னேன், மாமி அவருடையதைச் சொன்னார். கதையில் வந்த ஊர் மாதிரியே விழுந்து விழுந்து சிரித்தோம். புரை ஏறி, தண்ணி குடித்து, மறுபடியும் சிரித்தோம். அப்புறம் கதையில் வந்த மாதிரியே ஒருத்தர் மொகத்தை ஒருத்தர் பார்த்துக்கொண்டோம்.

மாமிதான் முதலில் வாயைத் திறந்தார். "ஏண்டிம்மா, இதை வெளியில சொல்லிட்டா, நாளைக்கு இங்க யார் வருவா?"

வெளியே எட்டிப் பார்த்தேன். கியூ நகரி ரோட்டைத் தாண்டி வளைந்து நின்றது. கியூ ஓரத்தில் டீக்கடை, கேக் கடை, டி-ஷர்ட் கடை. நிழலில் வேங்கடாசலம் சாரும் இந்திராணி மேடமும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து இளநீர் குடித்துக்கொண்டிருந்தார்கள். விவாதம் தொடங்கியதிலிருந்து அவ்வளவு ஒற்றுமையாக அவர்களை யாரும் பார்த்ததில்லை.

"யாரும் வரமாட்டாங்க மாமி."

"கொட்டகையப் பிரிச்சுடுவா, இல்லையோ?"

"நம்மளையும் வீட்டுக்கு அனுப்பிடுவாங்க."

அழவெல்லாம் இல்லை. கையைக் கழுவிக்கொண்டு அவரவர் நாற்காலியில் போய் உட்கார்ந்தோம்.

கியூ நகர்ந்தது. மலை மேல் சன்னிதியில் சொல்கிற மாதிரியே "ஜருகண்டி, ஜருகண்டி" என்று தள்ளி விட்டுக்கொண்டே இருந்தேன். சாயங்காலம் தலையை நிமிர்த்தினால், எதிரே நைனா. தோளில் அந்தத் துண்டு. வெயிலில் நின்று முகம் கறுத்திருந்தது.

"தரணி, நைனாகிட்டயாவது சொல்லும்மா. வழிதான கேட்டான்?"

மூக்குக்கண்ணாடி இருந்திருந்தால் கழற்றியிருப்பேன்.

"நீ சித்தூர் ஜில்லா நைனா. பின்பக்கம் உன்னுது இல்ல. ரேபு வா."

என் வாயிலிருந்துதான் வந்தது. சத்தியமாக நான்தான் சொன்னேன். நைனா திட்டப் போகிறார் என்று நினைத்தேன். அக்கம்பக்கம் பார்த்துவிட்டுக் கிட்டக் குனிந்தார்.

"அதுவும் சரிதான். சொல்லாத. துண்டு இன்னும் தறியிலதான் கீது."

போகும்போது தாளின் ஓரத்தைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டுவிட்டுப் போனார்.

இவ்வளவும் படித்த உங்களுக்கு அவன் என்ன சொன்னான் என்று தெரிந்துகொள்ள ஆசையாகத்தான் இருக்கும். சொல்வதில் எனக்கு ஒன்றும் இல்லை. முதலில் நீங்கள் எந்த ஜில்லா என்று சொல்லுங்கள். சித்தூரா? பின்பக்கம் உங்களுக்குக் கிடையாது. திருப்பதியா? முன்பக்கம் கிடையாது. ரெண்டும் இல்லையா? அப்புறம் எதுக்கு இங்கே நிற்கிறீர்கள்?

ஜருகண்டி.