நண்டு மேடமும் பூஜ்ஜியம் எண் படிவமும்

எங்கள் மாவட்டத்தில் ஜனங்களின் தூக்க விஷயத்தில் அதிகமாகத் தலையிட்டது யார் என்று ஒரு போட்டி வைத்தால், கொசுவுக்கு இரண்டாம் பரிசுதான். முதல் பரிசு நண்டு மேடத்துக்கு.

ராமநாதபுரத்தில் ஒரு நர்சிங் கல்லூரி அலுவலகத்தில் நான் கம்ப்யூட்டர் ஆபரேட்டர். மேடம் அங்கே மனநல நர்சிங் பேராசிரியை. பாடம் நடத்துவது போக, கடலோர மக்களின் மனநலம் பற்றி ஓர் ஆய்வும் செய்துகொண்டிருந்தார். யாரைப் பார்த்தாலும் வணக்கம் கிடையாது, "ராத்திரி தூங்குனீங்களா?" என்றுதான் ஆரம்பிப்பார். தண்ணீர் லாரி டிரைவர் ஒருவர் வாய் தவறி "இல்ல மேடம்" என்று உண்மையைச் சொல்லிவிட்டார். மைத்துனரோடு இருந்த மனத்தாங்கல் முழுவதையும் சொல்லி முடித்தபோது காலேஜ் டாங்க் நிரம்பி வழிந்து, கார் ஷெட்டில் முழங்கால் அளவு தண்ணீர். அதன் பிறகு நாங்கள் உஷார். பத்தடி தள்ளி நின்றே "நல்லாத் தூங்குனேன் மேடம்" என்று சொல்லிவிட்டு ஓடிவிடுவோம்.

ஆய்வுக்காக மாணவிகள் திருப்பாலைக்குடிக்குப் போய் முதல் கட்டுப் படிவங்களை நிரப்பி வந்தார்கள். நான் கம்ப்யூட்டரில் ஏற்றினேன். தூக்கம் வருகிறதா? வருகிறது. மனக்கவலை உண்டா? இல்லை. கடைசிப் படிவம் வரை இதே பதில்தான். மேடம் திரையை உற்றுப் பார்த்தார்.

"பூமிநாதன், இந்த ஊரு சொர்க்கத்துக்குப் பக்கத்துலயா இருக்கு?"

"தொண்டிக்குப் பக்கத்துல மேடம்."

"வீட்டு வாசல்ல வந்து நின்ன புள்ளைக கேட்டா, 'நல்லா இருக்கோம்'னுதான சொல்லுவாக. இது மரியாதை. பதில் இல்ல."

மறுநாள் மேடமே கிளம்பினார். படிவங்களைச் சுமக்க நான். கரையில் பெண்கள் வலையிலிருந்து நண்டு எடுத்துக்கொண்டிருந்தார்கள். மேடம் படிவங்களைப் பைக்குள் போட்டு மூடிவிட்டு, சேலையைச் செருகிக்கொண்டு மணலில் உட்கார்ந்து வலையின் ஒரு பக்கத்தை இழுத்துக்கொண்டார். முதல் நண்டே அவர் கட்டைவிரலைக் கவ்வியது. அவர் போட்ட சத்தத்தில் இலங்கையில் காக்கா பறந்திருக்கும்.

"ஏத்தா, பின்னாடி புடிக்கணும்! இம்புட்டுப் படிச்சிருக்கீக, இது தெரியலையா?" என்று ஓர் அம்மா சிரித்துக்கொண்டே சொல்லிக்கொடுத்தார். பத்து நண்டு எடுப்பதற்குள் அதே அம்மா, மகன் கடலுக்குப் போனால் திரும்பும்வரை தனக்குக் கண் மூடாது என்று வலையைப் பார்த்தபடியே சொல்ல ஆரம்பித்தார். மேடமும் வலையையே பார்த்துக்கொண்டிருந்தார். கை வேலையாக இருந்தால் மனசு திறக்கும் என்பது அவர் கட்சி. எல்லாம் முடிந்து, "பேரு போடாம எழுதிக்கிடவா?" என்று கேட்டு, அந்த அம்மா தலையாட்டிய பிறகுதான் பையைத் திறந்தார்.

இப்படியே மாதக்கணக்கில் நடந்தது. திரும்பும் பஸ்ஸில் மேடம் ஏறினாலே நான்கு சீட்டு காலியாகும். ஒருநாள் பிரின்சிபால் மூக்கைப் பொத்திக்கொண்டு, "மேடம், காலேஜே மீன் மார்க்கெட் மாதிரி நாறுது" என்றார். "மீன் இல்ல சார், நண்டு" என்று மேடம் திருத்தினார். பெயர் அன்றைக்கு ஒட்டியதுதான்.

இனி என் முட்டாள்தனத்துக்கு வருகிறேன். புது சாஃப்ட்வேர் சரியாக ஓடுகிறதா என்று பார்க்க ஒரு பொய்ப் படிவம் ஏற்ற வேண்டியிருந்தது. அதற்குப் பூஜ்ஜியம் என்று எண் கொடுத்தேன். கற்பனைக்கும் எனக்கும் வெகுதூரம். அதனால் உத்தரகோசமங்கையில் உள்ள எங்கள் வீட்டு நிலவரத்தையே ஊர்ப் பெயரோடு எழுதிவிட்டேன். இரண்டு வருஷம் மழையில் மிளகாய் அழுகியதிலிருந்து என்னைப் பெற்ற அய்யாவுக்குத் தூக்கமில்லை, பேச்சில்லை, வாய் திறந்தால் 'நான் இருந்து என்னத்துக்கு' என்கிறார். யாரிடமாவது சொன்னீர்களா? இல்லை. ஏற்றிவிட்டு அழிக்க மறந்தேன். மேடம் ஒரு படிவம் விடாமல் படிப்பவர் என்பதையும், அலுவலகத்தில் அந்த ஊர்க்காரன் நான் ஒருவன்தான் என்பதையும் மறந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் மேடம் எங்கள் வாசலில் நின்றார். அய்யா மிளகாய் வத்தல் குவியலுக்கு முன்னால் உட்கார்ந்து, வெளுத்துப்போன சோடையைப் பொறுக்கி ஒதுக்கிக்கொண்டிருந்தார். மேடம் எதுவும் கேட்காமல் எதிரில் உட்கார்ந்து தானும் பொறுக்கினார். உடனே தும்மல். ஒன்பது வரை எண்ணினேன்.

"கண்ணைத் தொட்டுறாதீக தாயி" என்றார் அய்யா. அந்த வாரத்தில் அவர் பேசிய முதல் முழு வாக்கியம் அது.

நான் டீயோடு கதவோரம் நின்றேன். குவியல் பாதியாகும்வரை இருவரும் பொறுக்கினார்கள். பிறகு மேடம், உப்பு போதுமா என்று கேட்கிற குரலில் கேட்டார்.

"செத்துப் போயிரலாம்னு தோணுதா அய்யா?"

நான் டீ டம்ளரைக் கீழே வைத்துவிட்டேன். அய்யா இன்னும் இரண்டு வத்தலைப் பொறுக்கினார்.

"தோணுது தாயி. தெனமும் தோணுது. இவன்கிட்டச் சொன்னாப் பயந்துருவான்."

"என்கிட்டச் சொல்லிட்டீகள்ல. நாளைக்குப் பெரியாஸ்பத்திரிக்குப் போவோம். நானும் வாரேன்."

"வத்தலு கெடக்கே?"

"நான் பொறுக்கித் தாரேன்."

"நீங்க நல்லதையெல்லாம் சோடையில போட்டுக்கிட்டு இருக்கீக தாயி" என்றார் அய்யா. சொல்லிவிட்டு அழுதார். அவர் அழுது நான் பார்த்ததில்லை.

அவரை ஒரு நிமிஷமும் தனியாக விடக்கூடாது என்று சொல்லிவிட்டு மேடம் போனார். மறுநாள் சொன்னபடி ஆஸ்பத்திரிக்கு வந்தார். மருந்து ஆரம்பித்தது. ஞாயிறுதோறும் வந்து தும்மினார். அவர் பொறுக்கியதையெல்லாம் நாங்கள் மறுபடி பொறுக்கினோம்.

மிளகாய்க் காலம் முடிந்து வெகுநாள் கழித்து ஒரு திங்கட்கிழமை, மேடம் வழக்கம்போல, "தூங்குனீங்களா பூமிநாதன்?" என்றார்.

பத்தடி தள்ளி நிற்காமல் பக்கத்தில் போய்ச் சொன்னேன்.

"இல்ல மேடம். அய்யா விடுற குறட்டையில வீட்டுல ஒருத்தரும் தூங்கல."

மேடம் சட்டென்று ஜன்னல் பக்கம் திரும்பி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"மிளகா பட்டுருச்சு" என்றார்.

எனக்கும் அதே மிளகாய்தான் பட்டிருந்தது.