ஆண்டறிக்கையில் ஒரு சிவப்புப் பேனா

அன்புள்ள அத்தானுக்கு,

இங்கு நலம். அங்கு நீங்களும் அக்காவும் நலமென்று நம்புகிறேன். அக்காவின் முழங்கால் வலியை நான் விசாரித்ததாகச் சொல்லுங்கள். ஓர் உதவி கேட்டு எழுதுகிறேன். முழுவதும் படித்துவிட்டுக் கோபித்துக்கொள்ளுங்கள், நடுவில் வேண்டாம்.

சின்னவளைப் பல்கலைக்கழகத்தில் நிதியியல் படிக்க வைக்கச் சொன்னதே நீங்கள்தான். "வங்கி, காப்பீடு, தணிக்கை, முதலீட்டு ஆலோசனைன்னு எத்தனை கதவு திறக்கும் பாருங்க மாப்ள" என்றீர்கள். நன்றாகத்தான் படித்தாள். ஆனால் தட்டிய கதவிலெல்லாம் முன் அனுபவம் கேட்டார்கள். சமைத்துப் பழகியவர்களுக்குத்தான் அடுப்பையே காட்டுவோம் என்பது மாதிரி. கடைசியில் உங்கள் நண்பர் மேலாளராக இருக்கும் முதலீட்டு நிறுவனத்திலிருந்து நேர்முகத் தேர்வுக்கு அழைப்பு வந்தது. துணைக்கு நானும் போனேன். அதுதான் வினை.

அவளைக் கூப்பிடும்வரை சும்மா உட்கார்ந்திருக்கக் கூடாதா? வரவேற்பறை மேசையில் அந்த நிறுவனத்தின் ஆண்டறிக்கை பளபளவென்று கிடந்தது. திறந்தால் முதல் பக்கத்திலேயே இலாபம் இவ்வளவு என்று கொட்டை எழுத்து. எப்படி வந்தது என்று ஒரு வரி இல்லை. கணக்குப் பரீட்சையில் ஒருவன் வெறும் விடையை மட்டும் எழுதி நீட்டினால் நாம் என்ன நினைப்போம்? பக்கத்து பெஞ்சைப் பார்த்து எழுதினான் என்றுதானே? கணக்கு வாத்தியாராக இருந்த பழக்கதோஷம், சட்டைப்பையிலிருந்து சிவப்புப் பேனாவை எடுத்து 'வழிமுறை எங்கே?' என்று எழுதி, பாதி மதிப்பெண் குறைத்து, பெற்றோர் கையெழுத்துக்குக் கோடும் போட்டுவிட்டேன். நிமிர்ந்தால் எதிரே உங்கள் நண்பர்.

"இது யார் எழுதினது?"

நான் பேனாவைச் சட்டைப்பைக்குள் தள்ளினேன். "எங்க அப்பா சார்" என்றாள் சின்னவள். அதோடு விட்டாளா, என் பக்கத்தில் உட்கார்ந்து பின்பக்கங்களைப் புரட்டிக் காட்டினாள். "வழிமுறை இங்க குறிப்புல இருக்குப்பா."

"நேர்மையானவன் எதுக்குப் பின்னால கொண்டுபோய் ஒளிக்கிறான்?"

"ஒளிக்கலப்பா. உங்க பென்ஷன் சீட்டையே எடுத்துக்குங்க. கைக்கு வர்றது முன்பக்கம், பிடித்தம் எல்லாம் பின்பக்கம். அவ்வளவுதான்."

"அது சர்க்கார் கணக்கு. இவங்களை யார் சரிபார்த்தா?"

"அதுக்குத்தான் தணிக்கையாளர். இதோ அவங்க கையெழுத்து."

நானும் விடவில்லை, அவளும் குரலை உயர்த்தவில்லை. கையைக் கட்டிக்கொண்டு கேட்டுக்கொண்டே நின்ற உங்கள் நண்பர், "சரி, ரெண்டு பேரும் வீட்டுக்குக் கிளம்புங்க" என்றார். தேர்வே நடக்கவில்லை, அத்தான். பஸ்ஸில் அவள் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாள். வீட்டில் சாப்பாட்டை எடுத்து வைக்கிறாள், முகம் பார்ப்பதில்லை. திட்டினால்கூடத் தாங்கிக்கொள்வேன். நீங்கள் ஒரு நடை போய், தப்பு அப்பனுடையது, பெண்ணுக்கு இன்னொரு வாய்ப்புக் கொடுங்கள் என்று சொல்லிவிட்டு வர வேண்டும்.

அக்காவுக்கு வணக்கம். பிள்ளைகளுக்கு என் ஆசிகள். நீண்ட ஆயுளும் அடக்கமான கையும் அவர்களுக்கு வாய்க்கட்டும்.

இப்படிக்கு,
உங்கள் அன்பு மைத்துனன்

பி.கு.: உறையை ஒட்டும் நேரத்தில் உங்கள் நண்பரே தொலைபேசியில் கூப்பிட்டார். பணம் போட வரும் ஓய்வுபெற்றவர்களுக்குப் பொறுமையாக விளக்கிச் சொல்லும் வேலைக்குத்தான் ஆள் தேடினாராம். "உங்களைவிடக் கஷ்டமான வாடிக்கையாளரை நான் எங்க போய்த் தேடுவேன் சார்? திங்கட்கிழமை உங்க பொண்ணைச் சேரச் சொல்லுங்க" என்றார். ஆகவே மன்னிப்புக் கேட்கப் போக வேண்டாம். ஆனாலும் ஒரு நடை போய்விட்டு வாருங்கள். அந்தக் குறிப்புகளை முன்பக்கத்தில் போட்டால் என்ன குறைந்துவிடும் என்று கேட்க வேண்டியிருக்கிறது.