மாட்டு வைத்தியம் என்று எழுதிய பலகை

வாய் பேசத் தெரியாதவள் கடையில் உட்காரக் கூடாது. உட்கார்ந்தாலும், தனக்குப் பதிலாகப் பேசட்டும் என்று ஒரு பலகையை நம்பக் கூடாது. நான் இரண்டையும் செய்தேன். அப்போது என் அறிவு அந்த அளவில் இருந்தது.

எண்பதுகளில் காரிமங்கலம் சந்தைக்குப் போகிற ரோட்டில் எங்களுக்குத் தீவனக் கடை. புண்ணாக்கு, தவிடு, பருத்திக்கொட்டை. அவ்வளவுதான் சரக்கு. எங்க வூட்டுக்காரர் கொள்முதலுக்குப் போய்விடுவார். யாராவது வந்து "என்னாம்மா இருக்குது?" என்றால் எனக்கு நாக்கு உள்ளே போய்விடும். மூட்டையைக் கையால் காட்டுவேன். (ஊமை என்று நினைத்துச் சைகையிலேயே பதில் சொன்ன புண்ணியவான்களும் உண்டு.)

பலகை எழுதலாம் என்றார் அவர். அந்த வூட்டில் அஞ்சாங்கிளாஸ் வரை போனவள் நான் ஒருத்திதான். அதனால் வாசகம் என் பொறுப்பு. பெரிய புலவர் பாருங்கள்! சந்தைக்கு வருகிற ஜனங்கள் எதையெல்லாம் கேட்டு அலைகிறார்கள் என்று காதைத் தீட்டிக் கேட்டேன். அந்த வார்த்தையெல்லாம் பலகையில் இருந்தால் தானாக வந்து விழுவார்கள், வந்தவர்கள் கொஞ்சம் தவிடாவது வாங்காமலா போவார்கள்? சேர்த்தேன்: மூக்கணாங்கயிறு, லாடம், சலங்கை, மாட்டு வைத்தியம்.

"லாடம் விக்கிறீங்களாம்மா?" என்றார் பெயிண்டர்.

இல்லை என்று தலையாட்டினேன்.

"வைத்தியம்?"

அதற்கும் ஆட்டினேன்.

"இல்லாததெல்லாம் எதுக்குங்க? எழுத்து எறும்பாட்டம் ஆயிடும். தீவனக் கடைன்னு பெருசா போடுங்க, போதும்."

எங்க வூட்டுக்காரர் சீறினார். "அவ படிச்சவ. சொன்னத எழுதுய்யா!"

பெயிண்டர் கடுப்பில் எல்லாவற்றையும் பொடியாக எழுதி, மீந்த இடத்தில் 'மாட்டு வைத்தியம்' என்பதை மட்டும் சிவப்பில் பெரிதாகத் தீட்டிவிட்டுப் போனார். கடைப் பேர் மூலையில் இருந்தது. மூக்கு உரசினால்தான் தெரியும்.

அடுத்த சந்தையன்று ஒரு விவசாயியும் அவர் சம்சாரமும் பசு மாட்டைப் பிடித்துக்கொண்டு வந்தார்கள். மாட்டின் வயிறு தவில் மாதிரி உப்பியிருந்தது.

"வைத்தியரு எங்கம்மா?"

கையை விரித்தேன்.

"நீங்களேதானா? பாருங்கம்மா, காலையிலருந்து ஊதிக்கிட்டே போவுது. எங்களுக்கு இருக்கறதே இந்த ஒரு மாடுதாங்க."

'நான் இல்லீங்க' என்றால் தீர்ந்தது. வரவில்லை. கூட்டம் வேறு கூடிவிட்டது. அந்த அம்மாள் கத்தினாள்: "போர்டுல எழுதத் தெரியுது, வாயத் தொறக்கத் தெரியலயா? மாடு செத்தா நீதான் பதில் சொல்லணும், ஆத்தா!"

மாட்டுக்கு மூச்சு இழுத்தது. செத்துவிடும் என்றுதான் எனக்கும் தோன்றியது. சந்தைக்கு அந்தப் பக்கம் மாட்டாஸ்பத்திரி இருக்கிறது. வாயால் சொல்ல வேண்டியதை விட்டுவிட்டு, கயிற்றைப் பிடுங்கிக்கொண்டு ஓட ஆரம்பித்தேன்.

"ஐயோ, மாட்டத் திருடிக்கிட்டு ஓடறா!" என்று தக்காளிக்காரி கூவினாள். (அவள் கூடைமேல் மாடு கால் வைத்திருந்தது.)

பின்னால் ஓடி வந்த விவசாயி, "திருடி இல்லீங்க, டாக்டரு!" என்று சந்தை முழுக்க அறிவித்தார்.

ஆஸ்பத்திரி வாசலில் மாடு நின்றது. இடி மாதிரி ஓர் ஏப்பம் விட்டது. அப்புறம் பின்பக்கம் திறந்தது. என் புடவையைப் பற்றிச் சொல்ல வேண்டாம்.

டாக்டர் வெளியே வந்தார். "மாட்டுக்கு என்ன?"

"இப்ப ஒன்னுமில்லீங்க. இந்தம்மா சரி பண்ணிட்டாங்க."

"ஓடுனதுல காத்து பிரிஞ்சிருக்குதுய்யா!" என்றார் டாக்டர். யார் கேட்டார்கள்? புருசனும் பெண்டாட்டியும் என்னைக் கும்பிட்டார்கள். நான் வழக்கம்போல் வாயை மூடிக்கொண்டு நின்றேன்.

மறு சந்தையில் கடை வாசலில் நொண்டி மாடு, கழிச்சல் மாடு, கண்ணில் நீர் வடிகிற எருமை. ஒருவரும் தவிடு கேட்கவில்லை. எங்க வூட்டுக்காரர் வாளிச் சுண்ணாம்பை எடுத்துப் பலகை முழுக்க அடித்தார். சுண்ணாம்பு அடித்தால் பட்டம் போகுமா? பல வருசம் கழித்து என் மகனுக்குப் பெண் பார்க்கப் போன இடத்தில், "மாப்பிள்ளையோட அம்மா டாக்டராமே?" என்று மரியாதையாகக் கேட்டார்கள். வெட்கத்தில் தலையைக் குனிந்தேன். என்ன அடக்கம் என்று தாம்பூலம் மாற்றிக்கொண்டார்கள்.

அந்த மருமகள் இன்றைக்கும் வயிறு சரியில்லை என்றால், முந்தானையை என் கையில் கொடுத்துக் கேட்பாள்: "அத்தே, என்னயும் சந்தைய ஒரு சுத்து ஓட்டிக்கிட்டு வந்துடுங்க."