பன்னிரண்டில் நிற்காத முள்

குழாயைத் திறந்தால் பீர் வரவில்லை, நுரைதான் வந்தது. முதல் கிளாஸிலும் நுரை, அடுத்த கிளாஸிலும் நுரை. மூன்றாவதைப் பிடித்தபோது அது கிளாஸைத் தாண்டி, பார் ஊழியரின் முழங்கை வழியாக இறங்கி, மேனேஜர் ஹேமாவதியின் செருப்பு வரைக்கும் போய்ச் சேர்ந்தது.

"செங்கல்வராயன் சார், இது பீரா, துணி துவைக்கிற தண்ணியா?" என்று கேட்டார் ஹேமாவதி.

செங்கல்வராயன் அவசரமாகக் குழாயை மூடினார். ஐம்பது வயது தாண்டியும் ஒரு சொட்டு பீர் வாயில் வைத்தவரில்லை அவர். கும்மிடிப்பூண்டி சிப்காட்டை ஒட்டி நெடுஞ்சாலையில் இருந்த அந்த ஓட்டலில் அவர் மெயின்டனன்ஸ் சூப்பர்வைசர். லிஃப்ட், ஜெனரேட்டர், ஏசி எல்லாம் அவர் சொன்ன பேச்சைக் கேட்கும். தொழிற்பேட்டைக்கு வரும் வெளிநாட்டு இன்ஜினியர்களுக்காகப் பாரில் குழாய் பீர் வைக்கலாம் என்று முடிவானபோது, வெளிக் கம்பெனியைக் கூப்பிடுவோம் என்றுதான் ஹேமாவதி சொன்னார். இவர்தான் குறுக்கே விழுந்து, ஒரு சிலிண்டரு, ஒரு ரெகுலேட்டரு, அவ்ளோதான மேடம், நானே பாத்துக்கறேன் என்று வேலையைத் தலையில் போட்டுக்கொண்டார்.

அதற்குக் காரணம் இருந்தது. அவர் மனைவி கனகாம்பாள் பேரனைப் பார்த்துக்கொள்ள ஓசூரில் மகள் வீட்டுக்குப் போய் ஒரு வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. தினமும் போன் வரும். சாப்ட்டீங்களா என்பாள், சாப்ட்டேன் என்பார். அதற்குள் பேரன் போனைப் பிடுங்கிக் கீழே போடுவான். அதோடு அன்றைய பேச்சு முடிந்தது. பிறகு மறுநாள் காலைவரை அந்த வீட்டில் பேசுவது டிவி மட்டும்தான். ஓட்டலில் எவ்வளவு வேலை இருக்கிறதோ, அவ்வளவு நேரம் வீட்டுக்குப் போகாமல் இருக்கலாம்.

ரெகுலேட்டரை அவர் பஜாரில் கோபாலின் வெல்டிங் சாமான் கடையில் வாங்கியிருந்தார். பீரைக் குழாய்க்குத் தள்ளுகிற கேஸ் சிலிண்டருக்குள் அடங்காத வேகத்தில் இருக்கும். அதைக் குறைத்து, பீர் பீப்பாய்க்குத் தாங்குகிற அளவில் அனுப்புவதுதான் ரெகுலேட்டரின் வேலை. பீருக்கு எது சரிப்படும் என்று இவர் கேட்டதற்கு, கேஸ் ஒண்ணுதான நைனா, வெல்டிங்குக்கு இன்னா பீருக்கு இன்னா என்று கோபால் எடுத்துக் கொடுத்துவிட்டார். வெல்டிங் ரெகுலேட்டரின் ஸ்க்ரூவை நகக்கண் அளவு திருப்பினாலே கேஸ் பாய்ந்தது. பீருக்கு அவ்வளவு ஆவேசம் ஆகாது, நுரைத்துப் பொங்கிவிடும்.

கவுன்டருக்குப் பின்னால் இடமில்லாததால் சிலிண்டரைக் கவுன்டர் மூலையில், சுவரோடு சேர்த்துச் சங்கிலி போட்டு நிறுத்தியிருந்தார்கள். அதை ஒட்டிய கடைசி ஸ்டூலில் ஒரு கொரியாக்காரர் உட்கார்ந்திருந்தார். கார் உதிரிபாக ஆலையில் இன்ஜினியர். மாசக்கணக்கில் அதே ஓட்டலில்தான் ரூம். அன்று செங்கல்வராயன் ரெகுலேட்டரைக் கழற்றிக்கொண்டிருந்தபோது, அவராகவே ஸ்பேனரை எடுத்து நீட்டினார். தன் கிளாஸில் இருந்த நுரையைக் காட்டி ஏதோ சொல்லிச் சிரித்தார். செங்கல்வராயனுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அந்த வாரத்தில் அவர் சிரித்தது அது ஒன்றுதான்.

மறுநாளே சென்னைக்குப் போய், பீருக்கென்றே செய்த ரெகுலேட்டரைக் கேட்டு வாங்கிவந்தார். ஸ்க்ரூவைத் திருப்பி, மீட்டர் முள்ளைப் பன்னிரண்டில் நிறுத்தினார். பீர் பொன்னிறமாக, மேலே இரண்டு விரல் நுரையோடு அழகாக இறங்கியது. ஹேமாவதி முதல் தடவையாகத் தலையாட்டினார்.

அடுத்த நாள் சாயங்காலம் பாரிலிருந்து போன். மறுபடியும் நுரை. போய்ப் பார்த்தால் முள் முப்பதைத் தொட்டுக்கொண்டிருந்தது. பன்னிரண்டுக்கு இறக்கிவிட்டு, எதற்கும் இருக்கட்டும் என்று கொரியாக்காரர் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தார். அது அசையவே இல்லை. நல்ல பிள்ளை மாதிரி பன்னிரண்டிலேயே நின்றது. அவர் வீட்டுக்குப் போய், அடுத்த நாள் வந்து பார்த்தால் முள் நாலில் கிடந்தது. பீர் சொட்டுச் சொட்டாக வடிந்தது.

விற்ற கடைக்குப் போன் செய்தார். உள்ளே இருக்கும் ரப்பர் தகடு சரியில்லாமல் இருக்கலாம், இரண்டு மீட்டர் வைத்ததாக வாங்குங்கள், சிலிண்டரில் எவ்வளவு, பீப்பாய்க்குப் போவது எவ்வளவு என்று தனித்தனியாகத் தெரியும் என்றார்கள். வாங்கினார். இப்போது கெடுதல் பீப்பாய்ப் பக்கத்து முள்ளில் என்று தெரிந்தது, அவ்வளவுதான் வித்தியாசம். ஒன்று தாங்காது போலிருக்கிறது என்று நினைத்து, நடுவில் இன்னொரு ரெகுலேட்டரைச் சேர்த்தார். மறுநாள் இரண்டுமே தறிகெட்டுப் போயிருந்தன.

இந்தப் பேஜாரில் ஒரு நல்லது நடந்தது. தினமும் சாயங்காலம் அவருக்கு உட்கார ஓர் இடம் கிடைத்தது. முள்ளைக் காவல் காக்கிற சாக்கில் கொரியாக்காரர் பக்கத்தில் உட்காருவார். ரப்பர் தகடு எப்படி வேலை செய்கிறது என்று தமிழில் விளக்குவார். அது முடிந்ததும் பேச்சு மெல்ல வேறு பக்கம் போகும். கனகாம்பாள் இல்லாமல் ரசம் வைத்தது, குக்கர் விசிலை எண்ண மறந்து சாதம் குழைந்தது, பேரன் தன் முகத்தையே மறந்துவிடுவானோ என்ற பயம் எல்லாவற்றையும் சொல்வார். கொரியாக்காரர் கவனமாகக் கேட்டுத் தலையாட்டுவார். பிறகு அவர் முறை. போனில் ஒரு சின்னப் பெண்ணின் படத்தைக் காட்டி, கொரிய மொழியில் நிறையச் சொல்வார். கடைசியில் படத்தை விரலால் தடவுவார். செங்கல்வராயனும் தலையாட்டுவார். ஒருவர் சொன்னதில் ஒரு வார்த்தைகூட மற்றவருக்குப் புரிந்ததில்லை. ஆனால் எங்கே தலையாட்ட வேண்டும் என்பது இருவருக்கும் தெரிந்திருந்தது.

ஆனால் பீர் அப்படி விட்டுவிடுமா? ஒரு நாள் ஓட்டல் முதலாளி வந்திருந்தார். ஹேமாவதி பெருமையாகக் குழாயைத் திறந்தார். உள்ளே எங்கோ டப்பென்று சத்தம். பீர் வருகிற டியூப் கழன்று பாம்பு மாதிரி ஆடி, ஹேமாவதியின் பட்டுப்புடவையைத் தலைப்பிலிருந்து கொசுவம் வரை நனைத்துவிட்டு அடங்கியது.

ஹேமாவதி கத்தவில்லை. செங்கல்வராயனைத் தன் அறைக்குக் கூப்பிட்டு நிதானமாகத்தான் சொன்னார். சனிக்கிழமை அந்தக் கொரியாக்காரர் கம்பெனியின் வருடாந்திர விருந்து இங்கேதான். அன்றைக்கும் இதே கதையென்றால் வெளிக் கம்பெனிக்காரனைக் கூப்பிட வேண்டியதுதான். வந்தால் அவன் பீரை மட்டும் எடுத்துக்கொள்ள மாட்டான், லிஃப்ட், ஜெனரேட்டர் எல்லாவற்றையும் சேர்த்துத்தான் கேட்பான். "அப்புறம் உங்களுக்கு இங்க என்ன வேலை இருக்கும் சார்? நீங்களே சொல்லுங்க" என்றார்.

வேலை போனால் முழு நாளும் அந்த வீட்டில்தான் இருக்க வேண்டும். அன்று செங்கல்வராயன் சாப்பிடாமலே சாப்பிட்டேன் என்று போனில் சொன்னார்.

படுத்துக்கொண்டு யோசித்தார். ரெகுலேட்டர் எல்லாமே கெட்டதாக இருக்க முடியாது. அப்படியென்றால் ஸ்க்ரூதான் தானாகத் திரும்புகிறது. ஏன் திரும்புகிறது? ஓட்டல் வாசலிலேயே நெடுஞ்சாலை. இரும்புக் கம்பி ஏற்றிய டிரெய்லர்கள் போகும்போது ரூம் ஜன்னல்கூட அதிர்கிறது. அந்த அதிர்வில் ஸ்க்ரூ கொஞ்சம் கொஞ்சமாக நகர்கிறது. எழுந்து உட்கார்ந்தார். இவ்வளவு சுலபமான விஷயம் இத்தனை நாள் தோன்றாமல் போனதே என்று தன்னையே திட்டிக்கொண்டார்.

மறுபடியும் சென்னை. கைப்பிடி இல்லாத ரெகுலேட்டர் ஒன்று இருந்தது. ஸ்க்ரூ உள்ளே இருக்கும், மேலே இரும்பு மூடி, மூடிக்குப் பூட்டு, பூட்டுக்குச் சாவி. எந்த லாரி போனாலும் அசையாது. அதைக் கொண்டுவந்து மாட்டி, முள்ளைப் பன்னிரண்டில் வைத்து, மூடியைப் பூட்டினார். சாவியைக் கொரியாக்காரர் முகத்துக்கு முன்னால் ஆட்டிக் காட்டி, சட்டைப்பையில் போட்டுத் தட்டிக்கொண்டார். "இனிமே ஒரு பய தொட முடியாது சார்" என்றார்.

கொரியாக்காரர் மூடியை ஒரு விரலால் தொட்டுப் பார்த்தார். எழுந்து நின்று, இடுப்பை வளைத்துக் கும்பிடுவதுபோல் குனிந்தார். பீரைப் பாதியில் வைத்துவிட்டுப் போய்விட்டார்.

சனிக்கிழமை விருந்தில் குழாய் ஓயவே இல்லை. ஒவ்வொரு கிளாஸும் அச்சில் வார்த்த மாதிரி வந்தது. எல்லார் முன்னாலும் ஹேமாவதி செங்கல்வராயனைக் கூப்பிட்டுக் கைகொடுத்தார். அவர் கண் மட்டும் மூலை ஸ்டூலில் இருந்தது. அதில் யாரோ கோட்டைக் கழற்றி மாட்டியிருந்தார்கள்.

அதற்கப்புறம் கொரியாக்காரர் பாருக்கு வரவே இல்லை. பாரிலிருந்து போனும் வரவில்லை. செங்கல்வராயனே சாயங்காலம் ஒரு தடவை போய்ப் பார்ப்பார். முள் பன்னிரண்டில் நிற்கும். பார் ஊழியர், எல்லாம் சூப்பரா ஓடுது சார் என்பார். அதற்குமேல் அங்கே நிற்க ஒரு காரணமும் இல்லை. நேரத்துக்கு வீட்டுக்குப் போனார். டிவி போட்டார். போன் வந்தது, கீழே விழுந்தது.

அடுத்த வாரம் ஒரு நாள் கார் நிறுத்துமிடத்தில் ஜெனரேட்டருக்கு டீசல் ஊற்றிக்கொண்டிருந்தபோது, கொரியாக்காரரின் டிரைவர் இம்மானுவேல் அவரைத் தேடிக்கொண்டு வந்தான்.

"எங்க சாரு மேல கோவமா கீறீங்களா சார்?"

"எனக்கு இன்னாத்துக்குப்பா கோவம்? அவருதான் இந்தப் பக்கமே வர்றதில்ல. ஒடம்பு கிடம்பு சரியில்லியா?"

"ஒடம்புக்கு ஒண்ணுமில்ல. நீங்க கண்டுபுட்ச்சித்தான் மூடி போட்டுப் பூட்டிட்டீங்கன்னு ரொம்ப வெக்கப்பட்டுக்கினு கீறாரு. மன்னிப்பு கேக்கச் சொல்லி போன்ல தமிழ்ல மாத்திக் காட்டினாரு."

செங்கல்வராயன் டீசல் கேனைக் கீழே வைத்தார். "நான் எத்தப்பா கண்டுபுட்ச்சேன்?"

இம்மானுவேல் சுற்றும்முற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான்.

"தெனம் அந்த ஸ்க்ரூவத் திருப்பி உட்டதே அவருதான் சார். அப்பதான நீங்க வந்து பக்கத்துல குந்துவீங்க."